கோபுரத்துக்குக் கேட்காத குரல்

குளிர்காலத்தில் கடலே உறைந்துபோகும் ஔலு நகரின் ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரன் சுலேவி. அடுத்த தலைமுறைக் கைப்பேசிகளுக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த கோபுர வானலைக் கருவிக்கு அவன்தான் மென்பொருள் எழுதினான். பழைய கருவி என்றால் பாகத்தைக் கழற்றி மாற்ற வேண்டும். இதில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், கோபுரத்தின் காது கூர்மையாகும், அல்லது மந்தமாகும்.

கடற்கரையில் ஒரு சோதனைக் கோபுரம் நிறுத்தியிருந்தோம். எதிரே ஹைலுவோட்டோ தீவில் மீன் பிடித்துவந்த தன் அண்ணன் ஆர்னோவிடம் சுலேவி ஒரு சோதனைக் கைப்பேசியைக் கொடுத்தான். அது எங்கள் கோபுரத்தின் வழியாக மட்டுமே பேசும்.

"இதுல மீன் மாட்டுமாடா?"

"மாட்டாது. நீதான் அண்ணிகிட்ட மாட்டுவ. எங்க இருந்தாலும் கூப்பிடுவாங்க."

"அப்படின்னா நீயே வெச்சுக்க, சாமி!" என்று சிரித்தவர், போகப்போகப் பழைய போனை வீட்டில் போட்டுவிட்டு இதையே தூக்கிக்கொண்டு அலைந்தார்.

ஏப்ரல் தொடக்கத்தில் கோபுரம் தொல்லை கொடுத்தது. யாரும் அழைக்காதபோதே அழைப்பு வந்ததாகக் காட்டியது. "வெறும் இரைச்சலுக்கெல்லாம் முழிச்சுக்குது, சனியன்" என்று சுலேவி எண்ணை மாற்றி அதன் காதை மந்தமாக்கினான்.

அந்த வாரமே, உறைந்த கடல்மேல் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது பனி உடைந்து ஆர்னோ வண்டியோடு உள்ளே போனார். மறுநாள்தான் உடல் கிடைத்தது. அந்தக் குளிரில் உயிர் உடனே போயிருக்கும் என்றார்கள் போலீசார். அவர் மனைவி இர்மெலி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடக்கத்தன்று நிமிர்ந்து நின்றாள்.

காற்றில் வந்த அலைகளையெல்லாம் கோபுரம் அப்படியே பதிவு செய்து வைத்திருந்தது. சுலேவி காதைக் கூர்மையாக்கி அதை மறுபடி ஓட்டினான். நானும் பார்த்தேன். இரைச்சலுக்கு அடியில் மெல்லிய தட்டல்கள். ஒரு கைப்பேசி கோபுரத்தைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் யாராவது பொத்தானை அழுத்தினால்தான் அது கூப்பிடும். கணக்குப் போட்டால் தூரம் பனி உடைந்த இடத்துக்குச் சரியாக வந்தது. தட்டல் உடனே நிற்கவில்லை. வெகுநேரம் நீண்டது.

"இர்மெலிகிட்ட சொல்லாத," என்றேன். "சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது?"

"நான் போட்ட எண்தான் அண்ணன் கூப்பிட்டதைக் கேக்க விடல. அதை மறைச்சிட்டு அவங்க வீட்ல எப்படிப்பா உக்காந்து காபி குடிப்பேன்?"

என் காரில்தான் போனோம். அவன் எல்லாவற்றையும் இர்மெலியிடம் சொல்லி முடித்தான்.

"உடனே போயிட்டார்னு நெனச்சிட்டிருந்தேன், சுலேவி."

"அண்ணி..."

"அது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு. உன் மனசு லேசாகணும்னு அதையும் எடுத்துட்டுப் போற."

கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

கோடை முடிவதற்குள் தீவு வீட்டை விற்றுவிட்டு இர்மெலி தன் தங்கையிடம் போய்விட்டாள். சுலேவி மென்பொருள் பிரிவை விட்டு மின்கலச் சோதனைக்கு மாறிக்கொண்டான். ஏன் என்று மேலதிகாரி கேட்டதற்கு, "கண்ணு வலிக்குது" என்றானாம்.

நவம்பரில், கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் நாளன்று, அவனோடு நானும் போனேன். ஆர்னோவின் கல்லருகே இர்மெலி குனிந்திருந்தாள். சுலேவி மரங்களுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"வாடா, போய்ப் பேசு."

"வேணாம். அவங்க கெளம்பட்டும்."

நின்றுகொண்டிருந்தோம்.