ஒ-வுக்கும் ம்-முக்கும் நடுவில்

மனோர் பார்க் நகுலேஸ்வரி வென்றவை இவை. கார் லைசென்ஸ், ஐந்தாவது தடவையில். வாசலில் தண்ணீர் தேங்கிய குழியை மூடுவித்தது, கவுன்சிலுக்குப் பதினேழு கடிதம் எழுதி. குடியுரிமைப் பரீட்சை, மூன்றாவது தடவையில், இருபத்து நான்கு கேள்வியில் இருபத்து மூன்று சரி. கடைசியாக, ஊர் ஒன்றியத்தின் லண்டன் கிளைக்குத் தலைவி பதவி, போட்டியின்றி. இது ஒன்றுதான் அவளுக்குக் கஷ்டப்படாமல் கிடைத்தது. அதனாலேயே இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முதல் நாளே அவளுக்குப் பட்டது.

கோளாறின் பெயர் சச்சிதானந்தன். பதினொரு வருடமாகச் செயலாளர். கூட்டம் கூட்டுவதும் அவர், அறிக்கை எழுதுவதும் அவர், கூட்டம் நடக்காவிட்டால் நடந்ததாக எழுதுவதும் அவரே.

“தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. இந்த நாட்டு ராசா மாதிரி இருந்தால் போதும். விளக்கேத்துங்கோ, நீட்டுற இடத்தில கையெழுத்தை வையுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாப்பம்.”

“ராசா மாதிரியோ, அண்ணை?”

“ஓம், அச்சா ராசா மாதிரி.”

அவரின் கெட்ட காலம், அந்த ஒரு பாடம்தான் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். குடியுரிமைப் பரீட்சையில் முதல் இரண்டு தடவையும் அவளைக் கவிழ்த்தது ராசாதான். வரிக் கடிதத்தில் ராசாவின் மணிமுடி, கடவுச்சீட்டில் முடி, சிறைச்சாலைப் பெயர்ப்பலகையிலும் முடி. இத்தனை இடத்தில் முடி பதித்தவருக்கு அதிகாரம் இல்லை என்றால் யார் நம்புவார்? ‘ராசாவே முடிவெடுப்பார்’ என்று எல்லாக் கேள்விக்கும் குத்திவிட்டு வந்தாள். மூன்றாவது தடவைக்கு, எட்டாம் வகுப்போடு நின்ற அவள் அக்கா கலாவதி, ஒரு மாதம் போனில் கேள்வி கேட்டே உருவேற்றிவிட்டாள். சட்டத்துக்கு ராசா ஒப்புதல் கொடுப்பார், மறுப்பதில்லை. பாராளுமன்றத்தில் அவர் வாசிக்கும் உரையையும் அரசாங்கமே எழுதிக் கொடுக்கும். பிரதமருக்கு ஆலோசனை சொல்லலாம், ஊக்கம் கொடுக்கலாம், எச்சரிக்கலாம். மாளிகையையும் குதிரை வண்டியையும் கொடுத்து, வாயை மட்டும் வாங்கி வைத்துக்கொண்ட நல்ல ஏற்பாடு.

தை மாதக் கடைசியில் நூற்று நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. ஒன்றியத்தின் சட்டமான யாப்பு திருத்தப்பட்டுள்ளதாம். இனிச் செயலாளர் தாம் விரும்பும்வரை பதவியில் இருப்பாராம். அடியில், ‘(ஒ-ம்) நகுலேஸ்வரி, தலைவி’. கையொப்பம் வைத்தாயிற்று என்பதற்குத் தட்டச்சில் போடும் குறி அது. அவளோ அந்தத் தாளையே அன்றுதான் காண்கிறாள். பேசாமல் இருந்தால், ஒரு மனிதரை ஆயுள் முழுக்கக் கதிரையில் இருத்தியவள் அவள்தான் என்றாகிவிடும்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில் நிர்வாகசபை கூடியது.

“நான் எங்கை ஒப்பம் வைச்சனான், அண்ணை?”

“அண்டைக்குப் போனில ‘ஓம் ஓம்’ எண்டனீங்கள்தானே. ஓம் எண்டாலும் ஒப்பம் எண்டாலும் ஒண்டுதான்.”

“நீங்கள் கதைக்கேக்கை நான் உலையில அரிசி போட்டுக்கொண்டு நிண்டனான். இதில பாருங்கோ, ஒ-வுக்கும் ம்-முக்கும் நடுவில ஒரு கோடு கிடக்குது. அந்தக் கோடுதான் நான். என்னைத் தாண்டி ரெண்டும் ஒட்டாது.”

பொருளாளர் யோகராஜா சிரிப்பைத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஒளித்தார்.

“ராசா மறுக்கிறேல்லை, தங்கச்சி. படிச்சனீங்கள்தானே?”

“ஓம், பாராளுமன்றம் நிறைவேத்தினதை மறுக்கிறேல்லை. நீங்கள் நாலு பேர் வடை தின்னேக்கை நிறைவேத்தினதை அவர் திரும்பியும் பாக்கமாட்டார். பொதுக்கூட்டத்தில வையுங்கோ. சனம் ஓம் எண்டால், எனக்குப் பிடிக்காட்டிலும் வைக்கிறன்.”

“வைக்காட்டி?”

“எனக்கு மூண்டு உரிமை இருக்கு. ஆலோசனை சொல்லிப்போட்டன். ஊக்கம் குடுக்க மனம் வரேல்லை. இனி மிச்சம் ஒண்டுதான். நான் கையெழுத்து வைக்கேல்லை எண்டு நூற்று நாப்பத்து மூண்டு வீட்டுக்கும் என்ரை கையாலை எழுதுவன்.”

“எழுதுவா, சச்சி,” என்றார் யோகராஜா. “கவுன்சிலே பதினேழாம் கடிதத்தோட கையைத் தூக்கினது.”

பொதுக்கூட்டத்துக்குக் கைக்குழந்தைகள் நீங்கலாக எண்பத்தாறு பேர் வந்தார்கள். செயலாளரின் திருத்தத்துக்கு ஒன்பது கை உயர்ந்தது. அதில் ஐந்து அவர் வீட்டுக் கைகள். எதிராக எழுபத்தேழு. உயர்த்திய கைகளை இறக்காமலே சனம் வேறொரு திருத்தத்தை நிறைவேற்றியது: எந்தப் பதவியும் இரண்டு வருடத்துக்கு மேல் ஒருவருக்கு இல்லை. சச்சிதானந்தனின் தியாகத்தைப் பாராட்டி உடனே ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அந்தத் தீர்மானத்தைத் தம் கையாலேயே அறிக்கைப் புத்தகத்தில் எழுதவேண்டியதாயிற்று.

புத்தகம் தலைவியிடம் வந்தது. இரண்டு வருடத்தில் தானும் இறங்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு, அவள் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு தமிழில், ஓர் எழுத்தும் சுருக்காமல், முழுப் பெயரையும் எழுதி, அருகில் திகதியைப் போட்டாள்: 10.03.2024, ஞாயிற்றுக்கிழமை.