பதினேழாவது வளைவில் தடுப்பு ஏன் இல்லை

ரோடு அளப்பவனுக்கு ரோட்டைவிட அதன் ஓரத்தில்தான் வேலை அதிகம். படிவம் நிரப்பிப் பிழைக்கும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இரண்டே கட்டம்

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா பூனாவை ஒட்டிய ஆகுர்டியில் லேத் ஓட்டினார். 1998-ல் பூனாவில் ஒரு சர்வே கம்பெனியில் சேர்ந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் நிரந்தரம். கடக்வாஸ்லா அணையைத் தாண்டிய ஒரு மலைப்பாதையில் தடுப்புக் கம்பி இல்லாத வளைவுகளைப் பட்டியலிட வேண்டும். படிவத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டே கட்டம்: ‘தடுப்பு தேவை’, ‘தேவையில்லை’. பள்ளம் இருந்தால் ‘தேவை’, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கவலை வேறு.

“எதுவா இருந்தாலும் பர்மனென்ட் ஆகிறவரைக்கும் வாயைத் தொறக்காதடா.”

கடப்பாரை

டேப் பிடிக்க என்னோடு வந்த பபனுக்கு என் வயதுதான். பதினேழாவது வளைவில் பள்ளம் நேராக இறங்கியது. ‘தேவை’யில் டிக் அடிக்கப் பேனாவைத் திறந்தேன். பபன் கடப்பாரையை எடுத்து ரோட்டின் விளிம்பில் ஒரு குத்து குத்தினான். முழங்கால் ஆழம் இறங்கியது. பிடுங்கியபோது மண்ணும் சரிந்தது. மலையை வெட்டிய மண்ணைக் கொட்டி அகலப்படுத்திய ஓரம் அது. லாரி மோதினால் கம்பமும் லாரியோடு போகும்.

“பாறையெல்லாம் அந்தப் பக்கம், சாஹேப். இங்கே கம்பத்தை எதுல நடுவீங்க, காத்துலயா?”

கயிறு

சரி, உள்ளே தள்ளி நடலாமே என்று தோன்றியது. தார் விளிம்பிலிருந்து ஒன்றரை அடி உள்ளே கற்களை அடுக்கிக் கயிறு கட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து அரசு எஸ்.டி. பஸ்ஸும் கீழிருந்து காய்கறி டெம்போவும் வந்து முகத்தோடு முகம் நின்றன. பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. பஸ் டிரைவர் தலையை நீட்டினார்.

“உன் கயிறு என்னை விழாம காப்பாத்தும், சரிதான். எதிர் வண்டிக்கு வழி யார் விடுவா, உங்க அப்பனா?”

மழைக்காலம்

மேலிருந்து சரியும் மண்ணை மழைதோறும் பள்ளத்தில் தள்ளுவதும் அந்த வளைவில்தான். இங்கே தடுப்பு போட்டால் நிற்குமா என்று புல்டோசர் ஓட்டுபவரிடம் கேட்டேன்.

“நீ போடு தம்பி. ஜூலையில நானே பிடுங்கித் தர்றேன்.”

மூன்றாவது கட்டம்

அந்த வளைவில் சட்டியில் தயிர் விற்ற சுமன்பாய் என்ற பெண் என்னை நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மழையில் அவர் கணவரின் ஜீப் அங்கேதான் உருண்டது. மரம் தடுத்ததால் உயிர் பிழைத்தார். ஒரு கால் போய்விட்டது. “என்ன எழுதப் போறே?” என்று கேட்டார். ‘தேவை’ என்றால் உதிரி மண்ணில் பேருக்கு நாலு கம்பம் நடுவார்கள். ‘தேவையில்லை’ என்றால் அந்த வளைவு பட்டியலிலிருந்தே போய்விடும்.

“போட முடியாதுன்னா ‘தேவையில்லை’தானே?” என்றார் மேலதிகாரி ஷிண்டே. கெட்டவர் இல்லை. படிவம் அவருக்கும் மேலேயிருந்து வந்தது. அன்று அப்பாவை நினைத்துக்கொண்டே, ஸ்கேல் வைத்து மூன்றாவது கட்டம் ஒன்று வரைந்தேன். ‘தேவை. ஆனால் நட இடமில்லை. முதலில் கீழிருந்து தாங்குசுவர் எழுப்ப வேண்டும்.’ ஷிண்டே அதைப் படித்துவிட்டு, “உன் கையெழுத்தை முதல்ல போடு” என்றார். போட்டேன். அவரும் போட்டார். நான் நிரந்தரமாவது இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போனது.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கம்பியும் இல்லை, சுவரும் இல்லை. சுமன்பாய் அடையாளம் கண்டு, கேட்காமலே ஒரு சட்டி தயிரை நீட்டினார்.

“சுவர் இன்னும் வரல. ஆனா போன மாசம் ரெண்டு பேர் வந்து, கீழேயிருந்து அளந்துட்டுப் போனாங்க.”

மலைப்பாதையில் தடுப்பில்லாத வளைவைக் கடக்கும்போது யாருமே யோசிக்கவில்லை என்று திட்டாதீர்கள், யோசித்தவனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லாமல் போயிருக்கலாம்.