ஏழாவது பொத்தான்

அலுவலகத்தில் அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினி அவர் காதில் வாசிக்கும். அந்த வேகம் மற்றவர்களுக்குக் கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோலக் கேட்கும். மின்தடைப் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்யும் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு புகார்கூடத் தவறியதில்லை.

குறை ஒன்றுதான். அந்த மென்பொருளின் பொத்தான்களுக்கு யாரும் பெயர் எழுதிவைக்கவில்லை. பார்ப்பவர்களுக்குப் படம் தெரியும். அவருக்கோ ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்றுதான் வரும். அதனால் எண்ணிப் பழகினார். ஏழாவதில் நின்று தட்டினால் பதிவாகும்.

ஒரு திங்கட்கிழமை திரை புதிதாக மாறியது. ஏழாவது இடத்துக்கு ‘வேலை முடிந்தது’ வந்து உட்கார்ந்துகொண்டது. தட்டியதும் பழையபடியே ‘டிங்’ என்று மணி அடித்தது. மூன்று நாள் அவர் நிம்மதியாகத் தட்டினார்.

வியாழக்கிழமை மேலாளர் கூப்பிட்டாள்.

“அறுபத்திரண்டு புகாரை முடிஞ்சதுன்னு மூடியிருக்கீங்க சார். அந்த வீட்லல்லாம் இன்னும் இருட்டு.”

“பொத்தான் இடம் மாறினதை யாரும் சொல்லலையே மேடம்.”

“எல்லாருக்கும் மெயில் போட்டோமே.”

“வந்துச்சு. ‘படம்’னு வாசிச்சுது. அவ்வளவுதான்.”

மாற்றங்களையெல்லாம் அம்புக்குறி போட்டு அழகான படமாக அனுப்பியிருந்தார்கள்.

“பொத்தானுக்குப் பேர் எழுதிடச் சொல்லுங்க மேடம். அரை நாள் வேலை.”

“அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்.” அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பதாக இல்லை என்பதையும் அதே குரலில் சொன்னாள்.

பக்கத்து இருக்கைக்காரன் வாசல்வரை கூட வந்தான். “முதல் நாளே பாத்தேண்ணே, இடம் மாறியிருந்ததை. உங்க மெஷின் சொல்லியிருக்கும்னு விட்டுட்டேன்.”

“அது வாசிக்கும்பா. சொல்றதுக்கு ஆள்தான் வேணும்.”

வீட்டில் மனைவி கேட்டாள். “உங்க மேல தப்பில்லைன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன். குறிச்சுக்கிட்டாங்க.”

“எதுல, படத்துலயா?”

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று இடங்களுக்கு நேர்காணலுக்குப் போனார். முந்தைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோதெல்லாம் பொத்தான் கதையைச் சொன்னார். அவர்களும் குறித்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது மாதம் பக்கத்து இருக்கைக்காரன் போன் செய்தான். “அண்ணே, புது வெர்ஷன் வந்துடுச்சு. எல்லாப் பொத்தானுக்கும் பேர் எழுதிட்டாங்க. நீங்க சொன்னதுதான்.”

“என் சீட்டு காலியா இருக்காப்பா?”

“அங்க பிரிண்டர் வச்சிருக்காங்கண்ணே.”

“நல்லா ஓடுதா?”

“ஓடுதுண்ணே.”

போனை வைத்துவிட்டு மேஜைமுன் உட்கார்ந்தார். விரல் தானாகப் பலகையைத் தட்டியது. மனைவி அடுப்படியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழோடு நின்றது. எந்த மணியும் அடிக்கவில்லை.