கிழக்கே சாய்ந்த வீடு

நான் வாழ வந்த வீட்டில் வாசல் கதவைத் தவிர வேறு கதவு கிடையாது. ரங்கூனில் பழைய கட்டடத்து மாடியில் நீளமாக ஒரே கூடம். அதைப் பலகை வைத்து மூன்றாகத் தடுத்து, கணவரின் அண்ணன்மார் இருவரும் அவர்கள் பிள்ளைகுட்டிகளும் இரண்டில் இருந்தார்கள், மூன்றாவதில் நாங்கள். பலகை மேல்தளம் வரை போகாது. யாராவது தும்மினால் மற்ற இரண்டு தடுப்பிலிருந்தும் "நூறு" என்று குரல் வரும். பாசமான குடும்பம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் புருஷனிடம் கோபித்துக்கொள்ளக்கூட ஊரைக் கூட்ட வேண்டியிருந்தால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? எனக்கு ஒரு கதவு வேண்டும், நானே சாத்திக்கொள்கிற மாதிரி. வேறு எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை.

மாமனாரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமா ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை பார்த்த காலம் முழுக்கத் துறைமுகத்தில்தான். கப்பலின் அடித்தட்டில் இறங்கி, பெட்டிகளும் பீப்பாய்களும் கப்பல் ஆடும்போது உருண்டுவிடாதபடி இடையிடையே ஆப்பு அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. நாற்காலியின் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த ஓர் ஆப்பை வைத்திருந்தார். எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன, இரும்பாகக் கனக்கிற கட்டை. பேரப்பிள்ளைகள் அதை உருவி விளையாடினால் வீடு இரண்டாகும்.

என் கணவர் போட்டாதாங் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் லாரி பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கு ஒரு பர்மியப் பெண்மணிக்குச் சொந்தம். தொண்ணூறுகளின் நடுவில், எண்ணெய் தேட வந்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு வீட்டு வண்டியை அவருடைய கிடங்கு வளவில் விட்டுப் போய்விட்டார்கள். லாரிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற நீளமான வண்டி. உள்ளே அடுப்பு, அலமாரி, படுக்கை எல்லாம் உண்டு. சக்கரங்கள் நடுவயிற்றுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். முன்பக்கம் மூக்கு மாதிரி நீண்டு அந்தரத்தில் நிற்கும். அந்த மூக்கை லாரியின் முதுகில் ஏற்றித்தான் இழுப்பார்கள். லாரி போய்விட்டால் மூக்கைத் தாங்க இரண்டு இரும்புக் கால்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஏறும், இறங்கும்.

முதலாளியம்மாவுக்கு வளவில் நம்பகமான ஆள் ஒருவர் குடியிருந்தால் நல்லது என்று எண்ணம். என் கணவரிடம் கேட்டார். அவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். வாசலுக்கு ஒரு கதவு. குளியலறைக்கு ஒன்று. மூக்குக்குள் இருந்த படுக்கையறைக்கு இழுத்துச் சாத்துகிற கதவு இன்னொன்று. மூன்று கதவுகளையும் திறந்து திறந்து சாத்திப் பார்த்தேன். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு தொல்லை. வண்டி ஆடியது. நான் வாசலில் கால் வைத்தால் மூக்கு தலையாட்டும். அவர் படுக்கையறையில் திரும்பிப் படுத்தால் அடுப்படியில் கரண்டிகள் பேசிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வெளியே மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பலகைத் தடுப்பே தேவலை என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது, ஒரு நாள்தான்.

மாமா பார்க்க வந்ததும் அந்த நேரம் பார்த்துத்தான். கையில் தேநீர்க் கோப்பையைக் கொடுத்தேன். நான் திரும்பி இரண்டு அடி வைப்பதற்குள் பாதித் தேநீர் அவர் மடியில். துடைத்துக்கொண்டார். "சக்கரம் வெச்சது வண்டி. அது ஒரு நாளும் வூடு ஆகாது," என்றார். என் கணவர் ஏதேதோ சமாதானம் சொன்னார். முகத்தை மறைக்கத் தெரிந்தவள் இல்லை நான். மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"ஆட்டத்தை நிறுத்து. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுங்க. கிழக்கால பொங்கி வழிஞ்சா இங்க இருங்க. வேற பக்கம் வழிஞ்சா அன்னிக்கே சாமானைக் கட்டிக்கிட்டு நம்ம வூட்டுக்கு வந்துடணும்."

மாமா சொன்னால் சொன்னதுதான். என் மூன்று கதவும் ஒரு பானைப் பாலில் வந்து நின்றது.

கணவர் வேலையில் இறங்கினார். கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து தரையில் வைத்தார். வண்டி இடது பக்கம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கத்துச் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி அடியில் பலகை கொடுத்தார். எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை அடித்து நகரவிடாமல் இறுக்கினார். மூக்கைத் தாங்கும் கால்கள் ஆற்று வண்டலில் ஒவ்வொரு மழைக்கும் புதைந்துகொண்டே போயின. அவற்றுக்கு அடியில் பழைய ரயில் கட்டைகளைப் போட்டார். கடைசியாக வண்டியின் வால் பக்கம், சட்டத்தின் நடுவில், மரத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முட்டுக் கொடுத்தார். முடித்துவிட்டு என்னை உள்ளே போய் நடக்கச் சொன்னார். நடந்தேன். பிறகு குதித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சுமைக்காரர்கள் கை தட்டினார்கள். வண்டி அசையவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் மாலை, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அடுப்பில் கொஞ்சம் பால் வைத்தேன். நன்றாகப் பொங்கி, அழகாக மேற்கே வழிந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மட்டமாக நிற்கிற வீட்டில் பால் தன் இஷ்டத்துக்குத்தான் போகும். ஆனால் வண்டியின் மூக்கு கிழக்கே பார்த்து நின்றது. என் கணவர் இறங்கிப்போய் முன்கால்களின் கைப்பிடியைப் பிடித்தார். மாற்றி மாற்றிச் சுற்றினார். மூக்கு மெல்ல இறங்கியது. கீழேயிருந்து, "போதுமா?" என்றார்.

அடுப்பின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தேன். சோம்பலாகத்தான் உருண்டது.

"இன்னும் ரெண்டு சுத்து," என்றேன்.

ஊரில் எத்தனையோ பேர் வீடு கட்டுகிறார்கள். சாமியை நம்பாமல் வீட்டைச் சாய்த்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். அதற்குக் கூலியும் உடனே கிடைத்தது: வண்டி மறுபடி ஆடத் தொடங்கியது. மூக்கு இறங்கியதும், சீசாப் பலகை மாதிரி வால் தூக்கிக்கொண்டுவிட்டது. பின்னால் அடுக்கிய கட்டைக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற சந்து. அதற்குள் இருட்டிவிட்டது, கரண்டும் போய்விட்டது. பால் காய்ச்சும் வரை ராத்திரித் தூக்கம் பழைய வீட்டில்தான்; காலையில் வந்து சந்தை அடைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம்.

வீட்டில் மாமா ஒரே கேள்விதான் கேட்டார், ஆட்டம் நின்றதா என்று. என் கணவர் நின்றுவிட்டது என்றார். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். மாமா "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பாலும் பானையும் சாமிப் படமுமாக சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் ஏறிப் போனோம். மாமா அதற்கு முன்பே எழுந்து நடக்கப் போய்விட்டார் என்று அக்கா, அதாவது மூத்த ஓரகத்தி, சொன்னார். பார்த்தால் வளவுக்கு எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார். லுங்கியின் முழங்கால் பக்கம் இரண்டு இடத்திலும் சேறு. விழுந்துவிட்டீர்களா மாமா என்று பதறினேன். வழுக்கிவிட்டது என்று சொல்லிக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கணவர் சந்தை அடைக்க ஓடினார். வழியில் வண்டிக்குள் ஏறிப் பார்த்தவர் அப்படியே நின்றார். ஆட்டமே இல்லை. நானும் ஏறினேன். கல் மாதிரி நின்றது, சாய்ந்தபடியே. ராத்திரியில் மண் அமுங்கித் தானாகச் சரியாகிவிட்டது என்று அவர் தன் வேலையை மெச்சிக்கொண்டார். நேரம் நெருங்கிவிட்டதால் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, முதலாளியம்மா வரும் வரை. அவர் தன் வழக்கப்படி, வீட்டைக் காக்கிற தேவதைக்கென்று சிவப்புத் துணி கட்டிய தேங்காய் ஒன்றைக் கொண்டுவந்தார். பர்மியர் வீடுகளில் அது இல்லாமல் இருக்காது. ஆசையோடு கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கயிற்றில் கட்டி, அலமாரி ஓரமாக அவரே தொங்கவிட்டார். தேங்காய் ஒழுங்காக நேராகத் தொங்கியது. அலமாரிதான் அதைவிட்டு விலகிச் சாய்ந்து நின்றது. கொத்தனாரின் தூக்குக்குண்டுகூட இவ்வளவு பச்சையாகக் காட்டிக்கொடுத்திருக்காது.

முதலாளியம்மா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என் வீடு ஏன் குனிந்து நிற்கிறது என்று பர்மிய மொழியில் கேட்டார். என் கணவர் காது சிவந்து நின்றார். மாமா எழுந்து வந்து தேங்காயையும் பார்த்தார், அலமாரியையும் பார்த்தார். முடிந்தது கதை, சாமானைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தேங்கா நேராத்தான் இருக்கு," என்றார் மாமா. "பாலை ஏத்து புள்ள."

ஏற்றினேன். பொங்கியது. கிழக்கே என்றால் அப்படி ஒரு கிழக்கு: பானை விளிம்பில் வேறு எந்தப் பக்கமும் ஒரு சொட்டு இல்லை. நான் என்னை மறந்து குலவை போட்டேன். மாமா ஒரு வாய் பால் குடித்தார். "இருங்க," என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.

சாய்ந்த வீட்டில் ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள், தெரியும். வெங்காயம் உருண்டு படுக்கையறைக்குப் போகும். குளியலறைக் கதவு தானாகத் திறந்து ஆளை அழைக்கும். தோசை மாவு கல்லில் ஒரு பக்கமாக ஓடி, பாதி தோசை அப்பளமாகவும் பாதி ஊத்தப்பமாகவும் வந்தது. மூக்குப் பக்கம் தலை வைத்துப் படுத்தால் காலையில் தலை பூசணிக்காய் கனம் கனத்தது. போதும், மட்டமாக்கிவிடுங்கள் என்றேன்.

கணவர் கைப்பிடியைச் சுற்றினார். மூக்கு ஏற மறுத்தது. பலம்கொண்ட மட்டும் சுற்றினார். வண்டி முனகியதே தவிர எழவில்லை. வால் இறங்கினால்தானே மூக்கு ஏறும்? வாலை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பின்பக்கம் போனார். நானும் போய்க் குனிந்து பார்த்தேன்.

அந்த இரண்டு விரல் சந்துக்குள், கறுத்துப்போன ஓர் ஆப்பு இறுக்கி அடிக்கப்பட்டிருந்தது.

எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. எத்தனை தடவை அதைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கி நாற்காலிக்கு அடியில் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் மனிதர் அதை எடுத்துக்கொண்டு வந்து, வண்டி ஆடுவதைப் பார்த்து, அடியில் புகுந்திருக்கிறார். சந்தைக் கண்டதும், நாங்கள் வேண்டுமென்றே வீட்டைச் சாய்த்ததும் தெரிந்திருக்கும். கப்பல் சரக்குக்கு முட்டுக் கொடுத்தவருக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பால் எந்தப் பக்கம் வழியும் என்று எங்களுக்கு முன்பே அறிந்துகொண்டுதான் அவர் வந்து உட்கார்ந்திருந்தார். என் கணவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அப்படியே ஆப்பைக் கழற்றித் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மாமா ஜன்னலோரம்தான் இருந்தார். நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. ஆடாமல் இருக்க வலது பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் குனிந்து ஆப்பை வைக்கப் போனேன். காலால் தடுத்துவிட்டார்.

"கொண்டு போ. நான் ஆடுனா காலை ஊனிக்குவேன். குடித்தனம் ஆடக்கூடாது."

கொண்டுவந்தோம். கணவர் பின்னால் அடுக்கியிருந்த கட்டைகளில் ஒன்றை எடுத்துவிட்டு மூக்கை ஏற்றி, கட்டை இருந்த இடத்தில் ஆப்பைத் திரும்ப அடித்தார். எடுத்த கட்டையைச் சீவி மாமாவின் நாற்காலிக்குக் கொடுத்தார். அதற்கு மாமா மறுப்புச் சொல்லவில்லை. கொஞ்சம் கோணல் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீடு முழு மட்டமாக வரவே இல்லை. ஆப்பு இருக்கிற வரை ரசமட்டத்தின் குமிழ் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நூல் தள்ளியே நின்றது. அதை எடுக்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. அங்கே இருந்த வருஷங்கள் முழுக்க என் தோசை கிழக்குப் பக்கம் கொஞ்சம் தடிமனாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வருவார். அந்தத் தடித்த பக்கத்தைப் பிய்த்து அவர் தட்டில் வைப்பேன்.