மெல்வினாவின் விரிப்பும் நாலாவது ஓட்டும்

மெல்வினா பெல்லிக்குப் பூ வரையப் பிடிக்காது. கானெட் டிக்கிள் தீவில் கம்பளி விரிப்பு செய்கிற நாங்கள் எல்லாரும் ரோஜா, நங்கூரம், பாய்மரப் படகு என்று படம் அச்சடித்து விற்கிற சாக்கைத்தான் வாங்கிச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவோம். அவள் வெறும் சாக்கை எடுப்பாள். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டைப் பொறுக்கி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே நாலு கோடு இழுப்பாள். பார்த்தால் யாரோ ஒருவர் அதில் மாட்டியிருப்பார்.

ஒரு தடவை ஹேவர்ட் ஸ்னூக் மாட்டினான். குடித்துவிட்டுப் படகுத்துறையிலிருந்து தலைகுப்புற விழுந்தவன். விரிப்பில் அவன் முகமே கிடையாது. கடல், கடலுக்கு மேலே இரண்டு பூட்ஸ், அவ்வளவுதான். ஊர் முழுக்க வரிசையாக வந்து பார்த்துச் சிரித்தது. கடைசியில் ஹேவர்டும் வந்தான். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என் பூட்ஸ் கறுப்புடி, மெல். நீ பழுப்பா போட்டுருக்க" என்றான்.

"ஆமால்ல?" என்று சொல்லிவிட்டு, அவன் எதிரிலேயே பழுப்புக் கம்பளியை உருவி எடுத்துக் கறுப்பை இழுக்க ஆரம்பித்தாள். சாக்குக்கு அடியில் துணிக்கீற்றைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொக்கியைக் குத்தி, சின்னக் கண்ணியாக வெளியே இழுக்க வேண்டும். ஒரு விரிப்புக்குப் பல்லாயிரம் கண்ணி. அவள் கை எலி கொறிக்கிற வேகத்தில் போகும்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் தீவுக்குப் படகு வராது. அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் வீட்டில் கூடுவோம். சட்டத்துக்கு இந்தப் பக்கம் மெல்வினாவும் நானும், அந்தப் பக்கம் ஹேவர்டின் மனைவி பியூலாவும் நெட்டி ஃபட்ஜும். பியூலாவின் கண்ணிகள் நெட்டையாக நிற்கும், நெட்டியுடையவை சாக்கோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாங்கள் போனபிறகு நீ எல்லாவற்றையும் பிரித்துச் சரி செய்வாயா என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கு? கையெழுத்து மாதிரிதானே அது. கிடக்கட்டும். நாளைக்கு நெட்டி செத்துப்போனா, இந்த எடத்த தடவிப் பாத்து, இங்கதான் அந்தக் கஞ்சப்பிசினாரி உக்காந்திருந்தான்னு சொல்லலாம்."

"நீ முதல்ல சாவுடி" என்றாள் நெட்டி, தலை நிமிராமல்.

நான்கு பேரும் சேர்ந்து செய்ததில் பெரியது ஊர் விரிப்பு. பத்தொன்பது வீடுகள், கோயில், கூட்டக்கொட்டகை, பின்னால் பாறை. மெல்வினா வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு பழைய துணி கேட்டு வாங்கினாள். எந்த வீட்டுத் துணியோ, அந்தத் துணியிலேயே அந்த வீடு. என் கணவர் ஆல்பியஸ் இறந்தபோது போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டையை நான் கொடுத்தேன். எங்கள் வீட்டுச் சுவர் அது. இரண்டு குளிர்காலம் பிடித்தது. முடித்ததும் கொட்டகைச் சுவரில் மாட்டினார்கள்.

செயின்ட் ஜான்ஸ் நகரத்திலிருந்து ஒரு பெண், கண்காட்சி நடத்துகிறவள், அதைப் பார்க்க வந்தாள். மெல்வினாவிடம் ஒரு மணி நேரம் பேசினாள். நானும் அங்கே இருந்தேன்.

"ஏன் எப்பவும் இந்த ஊரையே போடுறீங்க?"

"ஜன்னல் வழியா இதுதாம்மா தெரியுது. வேற என்ன இருக்கு இங்க?"

பத்திரிகையில் அவள் எழுதியது வேறு. 'கண்ணி கண்ணியாக இந்தப் பாறையோடு தன்னைக் கோத்துக்கொண்டவர். உயிர் இருக்கும்வரை இந்த மண்ணைவிட்டு அசைய மாட்டார்' என்று இருந்தது. மெல்வினா அதைப் படித்துவிட்டு, "நான் எப்ப இதச் சொன்னேன்?" என்றாள். பிறகு அந்தத் தாளில் ரொட்டியைச் சுற்றி வைத்தாள். ஊரோ அதை வெட்டிக் கடைச்சுவரில் ஒட்டியது.

அடுத்த வருடம் ஊரைக் காலி செய்கிற பேச்சு வந்தது. கடலில் மீன் இல்லாமல் போய் இருபது வருடம் ஆகிவிட்டது, பள்ளிக்கூடம் மூடியாயிற்று. ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சம்மதித்தால் அரசாங்கம் வீட்டுக்கு வீடு பணம் கொடுத்துப் பெருநிலத்துக்கு அனுப்பிவிடும். அந்த எண்ணிக்கை வராவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. தீவில் இருக்கிற வீட்டைச் சும்மா கொடுத்தால்கூட வாங்க ஆள் கிடையாது.

மெல்வினாவுக்குப் போக வேண்டும். அவள் அக்கா ஒலிவ் பெருநிலத்தில், கிராண்ட் ஃபால்ஸில் மகன் வீட்டில், துணி துவைக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் கிடந்தாள். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. பணம் வந்தால் சகோதரிகள் இருவரும் சின்னதாக ஒரு வீடு வாடகைக்கு எடுப்பதாகத் திட்டம். திரைச்சீலை நிறம்வரை முடிவு செய்திருந்தார்கள். இது என்னிடம் மட்டும் சொன்னது. ஊரில் சொல்லவில்லை. "ஓட்டு முடியட்டும். முன்னாடியே குதிச்சா எல்லாரும் கண்ணு வைப்பாங்க" என்றாள்.

ஓட்டுரிமை முப்பத்தொரு பேருக்கு. இருபத்தெட்டு வேண்டும். இருபத்தேழு வந்தது. எதிராக நாலு.

மூன்று யார் என்று எல்லாருக்கும் தெரியும். இறால் பிடிக்கிற டியூக் சகோதரர்கள் இருவரும் அவர்களுடைய தாயும், ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள். நாலாவது யார்? கடை வாசலில் அந்தக் கேள்வி அரை நாள்கூட நிற்கவில்லை. சுவரில்தான் பத்திரிகை ஒட்டியிருக்கிறதே.

"உயிர் இருக்கிற வரைக்கும் அசைய மாட்டாளாம்ல" என்றான் ஹேவர்ட். "அவ அசையாட்டி போகட்டும். நாமளும் சேந்து இங்கயே மக்கணுமா?"

அந்த நாலாவது ஓட்டு என்னுடையது.

காண்டர் நகரத்தில் இருக்கிற என் மகன், அம்மா, அந்தப் பணத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் உனக்கு ஒரு அறை கட்டிவிடலாம் என்று சொல்லியிருந்தான். மருமகள் நல்ல மரியாதைக்காரி. நான் போகும்போதெல்லாம் எனக்கென்று தனிக் கோப்பை எடுத்து வைப்பாள், யாரும் அதில் குடிக்க மாட்டார்கள். ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கியபோது அந்தக் கோப்பைதான் ஞாபகம் வந்தது. இங்கே செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு நாற்காலி உண்டு. 'வேண்டாம்' என்ற கட்டத்தில் கோடு போட்டு மடித்தேன். என் ஒரு ஓட்டில் என்ன கவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் பியூலாவும் நெட்டியும் வரவில்லை. மெல்வினா நாலு கோப்பை வைத்திருந்தாள். இரண்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

"தலைவலியா இருக்கும்" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தலையா?" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கோயிலில் அவள் உட்கார்ந்த பலகை காலியானது. துணி காயப்போடுகிற கயிறு இரண்டு தடவை அறுந்து கிடந்தது. குளிர்காலத்துக்கு விறகு பிளந்து தருகிற ஹேவர்ட், "இந்த மண்ணே சூடு குடுக்கும், அதக் கட்டிப்பிடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டுப் போனான். கூட்டக்கொட்டகையில் எல்லார் முன்னாலும் அவள் எழுந்து, "நான் சம்மதம்னுதான் போட்டேன்" என்று சொன்னாள். பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். நான் என் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனி உருகி ஊர் சேறாகிற மாதத்தில் கூட்டக்கொட்டகைச் சுவர் வெறுமையாக இருந்தது. ஊர் விரிப்பு படகுத்துறையில், படகுக்குக் காத்திருக்கிற தகரக் கொட்டகையின் வாசலில் கிடந்தது. கால் துடைக்க. யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் பூட்ஸைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். என் நீலச் சுவர் எது, பக்கத்து வீடு எது என்று தெரியவில்லை.

மெல்வினா அன்று அக்காவைப் பார்க்கக் கிளம்பி வந்தாள். கையில் பெட்டி. உள்ளே எட்டுப் பேர் இருந்தோம். வாசலில் நின்று குனிந்து பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் வலது பூட்ஸைத் தேய்த்தாள், இடது பூட்ஸைத் தேய்த்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"நல்லா சேறு பிடிக்குது" என்றாள் பியூலாவிடம். "நீ இழுத்த எடம்தான் ரொம்பப் பிடிக்குது. நெட்டைக் கண்ணியாச்சே."

பியூலா எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஒலிவ் நவம்பரில் இறந்தாள். புயல், ஐந்து நாள் படகு இல்லை. மெல்வினா போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. திரும்பி வந்த மறுநாள் நான் வெல்லப்பாகு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். சட்டத்தில் வெறும் சாக்கு கட்டியிருந்தது. கரிக்கோடுகூட இல்லை.

"டல்சி, நான் போகணும்னுதான் போட்டேன். நீயாவது நம்புறியா?"

"எனக்குத் தெரியும், மெல்."

"நம்புறேன்னு சொல்லல. தெரியும்ங்குற."

நான் ரொட்டியை நறுக்கப் போனேன். கத்தி எங்கே இருக்கும் என்பதுகூட அந்த நிமிடம் மறந்துபோயிற்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது.

"எப்படித் தெரியும்?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு வருடம் இருந்தது, அந்த நிமிடமும் இருந்தது.

"திரைச்சீல மஞ்ச நிறம்னு உன்கிட்டதான சொன்னேன்" என்றாள் மெதுவாக. "உன்கிட்ட மட்டுந்தான சொன்னேன். தெரிஞ்சும் வேணாம்னு போட்டிருக்க."

ரொட்டியைத் துணியில் திரும்பச் சுற்றி என் கையில் கொடுத்தாள். "இனிமே செவ்வாக்கிழம வராத."

நாளைக்குள் ஊருக்குச் சொல்லிவிடுவாள் என்று வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்று விட்டாளா, என்மேல் இரக்கமா, இல்லை இது அவள் எனக்குக் கொடுத்த தண்டனையா, இன்றுவரை தெரியாது. தெருவில் எதிரே வந்தால் ஒரு வேலிக்கம்பைத் தாண்டுவது மாதிரி என்னைத் தாண்டிப் போவாள்.

அதற்குப்பின் அவள் செய்த விரிப்புகளில் மனிதர்கள் இல்லை. சாம்பல், கறுப்பு, மறுபடி சாம்பல், வெறும் பட்டைகள். நகரத்துப் பெண் வந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய கலை முதிர்ந்துவிட்டதாக எழுதினாள்.

மூன்று வருடம் கழித்து மறுபடி ஓட்டு வந்தது. டியூக் தாய் இறந்துவிட்டாள். சகோதரர்கள் மனம் மாறிவிட்டார்கள். மீதி இருந்த எல்லாரும் சம்மதம் என்று போட்டோம், நானும்தான். எண்ணிக்கையைப் படித்ததும் நெட்டி மெல்வினா பக்கம் திரும்பி, "இப்பவாவது உனக்கு மனசு வந்துச்சே" என்றாள். மெல்வினா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் எழுந்து பேசவில்லை.

இப்போது எங்களில் பாதிப்பேர் பெருநிலத்தில் ஒரே சிற்றூரில்தான் இருக்கிறோம். மகன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு நான் போகவில்லை. அவனும் மறுபடி அழைக்கவில்லை. மெல்வினா முதியோர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். அங்குள்ள பெண்கள் ஆறேழு பேர் அவள் அறையில் சட்டத்தைச் சுற்றி உட்காருகிறார்களாம். வாகனம் நிறுத்துகிற இடத்தைப் போட்டிருக்கிறாளாம், ஒருத்தி வண்டியைப் பின்னால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் மோதுகிறாளாம். கேள்விப்பட்டதுதான். பார்த்ததில்லை.

போன வாரம் கடையில் பணம் கட்டும் வரிசையில் பியூலா எனக்கு முன்னால் நின்றாள். மெல்வினா ஒரு பால் டப்பாவுடன் எங்களைக் கடந்து அடுத்த வரிசைக்குப் போனாள். பியூலா என் பக்கம் குனிந்தாள். ஹேவர்ட் போன குளிர்காலத்துக்கு முந்திய குளிரில், தீவிலேயே, மாரடைப்பில் போனவன்.

"அன்னிக்கு அவ ஒழுங்கா ஓட்டுப் போட்டிருந்தா, ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்திருக்கும். ஹேவர்ட் பொழச்சிருப்பான். என்ன சொல்ற?"

"பொழச்சிருப்பான்" என்றேன்.