சாப்பிட்டதை மறந்த அப்பா

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது அவருக்கு ஒரு வாய் சோறோ ஒரு டம்ளர் டீயோ கொடுத்திருப்பீர்கள். மூத்த மகளாகிய நான் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அப்பா பிறந்தது கோலியனூரில். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பிறர் நிலத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிக்கொண்டே படித்து, பேருந்து நடத்துநர் ஆனார். விழுப்புரம் - திண்டிவனம் தடத்தில் எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார், யார் இறங்குவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சில்லறை இல்லை என்று யாரையும் இறக்கிவிட்டதில்லை. கோபம் வந்தால் மட்டும் விசிலை ஊதித் தள்ளிவிடுவார்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் மறதி வந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தவர், "இன்னா, இன்னும் சோறு ஆவலியா?" என்று அம்மாவைக் கேட்டார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். மறுநாளும் கேட்டார்.

விழுப்புரத்து மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: போனது திரும்பாது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் இருப்பதையாவது கொஞ்ச நாள் காப்பாற்றலாம். கீரையும் மீனும் கொடுங்கள், இனிப்பையும் பொரித்ததையும் குறையுங்கள். அன்றிலிருந்து அம்மா அடுப்படியையே மாற்றிவிட்டார். காலையில் கேப்பைக் கூழ், மதியம் கொஞ்சம் சோறும் நிறையக் கீரையும் குழம்பு மீனும், மாலையில் ஒரு கை அவித்த மல்லாட்டை. யாரோ சொன்னார்கள் என்று வல்லாரைத் துவையலும் அரைத்தார். நான் திண்டிவனத்திலிருந்து போகும்போதெல்லாம் வால்நட் வாங்கிப் போவேன். தன் மனைவியை இன்னார் என்று அவர் கடைசி வரை அறிந்திருக்க வேண்டும், அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

ஆனால் நம் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்கிறோம்? "சாப்ட்டீங்களா?" அப்பா நடக்கப் போனால் தெருவே கேட்கும். சற்று முன் சாப்பிட்டவர் மனதாரச் சொல்வார், "இன்னும் இல்லீங்க." கேட்டவருக்கு மனசு தாங்குமா? ஒரு வீட்டில் இட்லி, இன்னொரு வீட்டில் கேசரி, டீக்கடையில் பஜ்ஜி. சர்க்கரை ஏறியது, கூடவே குழப்பமும் ஏறியது. அம்மா வீடு வீடாகப் போய், "அவரு சாப்ட்டுட்டுதாங்க வர்றாரு, ஒண்ணும் குடுக்காதீங்க" என்று கெஞ்சினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி கொடுத்தார்கள்.

அப்பாவின் தங்கையான அத்தை ஒருநாள் அழுதுகொண்டே வந்தார். "இன்னா அண்ணி இது, எங்கண்ணன் தெருவுல சோறு கேட்டுக்கினு இருக்காரு. ஊரே பேசுது." அம்மா, அப்பா சாப்பிட்டு வைத்த தட்டைக் கொண்டு வந்து காட்டினார். மீன் முள் இன்னும் காயவில்லை. அப்போதும் அப்பா, "தங்கச்சி வந்துருக்கு, சோறு போடு. எனக்கும் போடு" என்றார். அத்தை தன் தட்டிலிருந்து அவருக்கு ஊட்டிவிட்டார். அத்தையை நான் குறை சொல்லவில்லை. பசிக்கிறது என்பவரிடம் இல்லை என்று சொல்ல எங்களாலும்தான் முடியவில்லை.

கதவைப் பூட்டியும் பார்த்தோம். "யாராவது சோறு போடுங்களேன்" என்று உள்ளிருந்து தட்டினார். அம்மா பூட்டைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

கடைசி மாதங்களில் அப்பா அம்மாவைப் பார்த்து, "நீங்க யாரு வூட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டார். பிறகு விழுங்குவதும் மறந்தது. "இனிமே அவருக்குப் புடிச்சதைக் குடுங்கம்மா" என்றார் மருத்துவர். "இன்னா வேணும், சொல்லுங்க" என்று அம்மா காதருகே கேட்டார். அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு எது பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

மருத்துவருக்கும், வழி தவறிய நாட்களில் அப்பாவைக் கைபிடித்து வீடு சேர்த்த ஷேர் ஆட்டோக்காரர்களுக்கும், துக்கத்தில் உடனிருந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. அவருக்குச் சோறு போட்ட கைகளுக்கும் நன்றி. உங்கள் மீது கோபமே வந்ததில்லை என்றால் அது பொய். ஆனால் அவரை ஒருவரும் விரட்டவில்லை.

போன அமாவாசைப் படையலுக்கு நான் பாயசம் வைத்தேன். பக்கத்தில் நின்றிருந்த அம்மா, "வெல்லத்தப் பாத்துப் போடுடி, அப்பாவுக்கு ஆவாது" என்றார். குறைத்தே போட்டேன்.