இரண்டு மைல் தள்ளி நின்ற சூரியன்

ட்ரோம்சோ துறைமுகத்தில் வலை பின்னிய ஓலினாவின் மூன்றாவது பிள்ளை சீவெர்ட். அக்காமார் இருவரும் பால்ஸ்ஃபியோர்டில் வாழ்க்கைப்பட்டார்கள். இவனோ கோணமானிக்கு வாழ்க்கைப்பட்டவன் என்று இவன் பெண்டாட்டி ரக்னாவே சொல்லுவாள். அந்தக் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, நிற்கும் இடத்தைச் சொல்வதில் அவனுக்கு அவ்வளவு கர்வம்.

துருவம் தேடிப் போன கப்பலொன்றிலிருந்து அவனும் ரக்னாவின் தம்பி க்ளெமெட்டும் நாய்வண்டியில் வடக்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நேர் தெற்கே, தட்டையான ஒரு தீவில் கேப்டன் உணவுப் பெட்டிகள் வைத்திருந்தார். கையிருப்பு ஒரு நாள் சாப்பாடு. மேலே வெயில் அடித்தாலும், தரையோடு ஓடிய பனிப்புழுதியில் நூறடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

அடிவானம் தெரியாவிட்டால், தட்டில் ஊற்றிய பாதரசத்தில் விழும் சூரியனை வைத்து அளப்பார்கள். அன்று பாதரசம் கட்டியாக உறைந்துவிட்டது. சீவெர்ட் சர்க்கரைப் பாகைச் சுடவைத்து ஊற்றினான்.

“மச்சான், அது நம்ம சாப்பாடு.”

“சூரியன் மூஞ்சி பாத்துக்கட்டும். அப்புறம் நீ நக்கிக்கோ.”

அளந்து, கணக்குப் போட்டு, “தீவு நம்ம காலடியிலதான்” என்றான்.

காலடியில் உறைந்த கடல்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் சுற்றினார்கள்.

“கேப்டன்தான் தீவைத் தப்பா குறிச்சிருக்காரு.”

“ஆமா, கேப்டன் தப்பு, தீவு தப்பு. அடுப்பு பக்கத்துல குந்திக்கிட்டே கோணமானி முள்ளைச் சரிபாத்த ஆளு மட்டும் ரொம்பச் சரி.”

சீவெர்ட் குளிருக்குப் பயந்து, கூடார வாசல் வழியாகவே சூரியனைப் பார்த்து முள்ளைச் சுழியில் நிறுத்தியது உண்மை. கதகதப்பில் சரியாக நின்ற பித்தளை வெளியே சுருங்காதா?

கருவியைக் குளிரில் கிடத்திவிட்டு மறுபடி பார்த்தான். முள் நான்கு கோடு தள்ளி நின்றது. பாகில் விழும் பிம்பத்தை வைத்து அளந்தால் கோணம் இரட்டிப்பாகத் தெரியும்; அதனால் பாதிதான் கணக்கு, இரண்டு கோடு. கோட்டுக்கு ஒரு கடல் மைல்.

“இன்னும் ரெண்டு மைல் தெக்கே. தப்பு என்னுதுதான்.”

“அதைச் சொல்ல உனக்கு ரெண்டு மணி நேரம். நட.”

இரண்டு மைலில், உணவுப் பெட்டிகளுக்கு அடையாளமாக நட்டிருந்த கறுப்புக் கொடி தெரிந்தது. பிஸ்கட்டை மென்றுகொண்டே சீவெர்ட் பயணக் குறிப்பேட்டில் தன் தப்பைத் தன் கையாலேயே எழுதினான்.

“இதெல்லாம் எழுதணுமா? யாருக்குத் தெரியப்போவுது?”

“நாளைக்கு இந்தக் கணக்கை நம்பி எவனாவது நடப்பானே.”

பிறகு எத்தனையோ வருஷம், நல்ல ஜூலை வெயிலில்கூட, கருவியை அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகுதான் கண்ணில் வைப்பான். துறைமுகத்தில் போவோர் வருவோர் சிரிப்பார்கள். “குளிரட்டும்” என்பான், புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு.